லேப்டாப்ல ஓப்பன்சிபிஎன் போட்டேன், எல்லைக்கோடு அப்பாவோட ஜிபிஎஸ்ல ஒரு இடம் காட்டுது இதுல வேற இடம் காட்டுது, எது சரி?

கோட்டைப்பட்டினம்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ஒரு விசைப்படகு இருக்கு, அப்பாதான் டிரைவர், நான் காலேஜ் முடிச்சிட்டு இப்ப அவர்கூட போறேன். தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, போட்டைக் கரையில ஏத்தி பெயின்ட் வேலை நடக்குது, அந்த நேரத்துல கேபின் வயரிங்கையும் சரி பண்ணிடலாம்னு இறங்கியிருக்கேன்.

போட்டுல பழைய ஜிபிஎஸ் ஒண்ணு இருக்கு, சின்ன கறுப்பு வெள்ளை ஸ்கிரீன், பாயிண்ட்டும் கோடும்தான் தெரியும், மேப் கிடையாது. கடல் மேப் காட்டுற பெரிய கலர் பிளாட்டர் வாங்க இப்ப கையில காசு இல்ல. ஓப்பன்சிபிஎன்னு கடல் மேப்ல நம்ம இடத்தைக் காட்டுற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, உலகம் பூரா பாய்மரப் படகுக்காரங்க லேப்டாப்ல அதைத்தான் ஓட்டுறாங்கன்னு படிச்சேன். என்கிட்ட காலேஜ்ல வாங்கின விண்டோஸ் 10 லேப்டாப் சும்மாதான் கிடக்கு, யுஎஸ்பில செருகுற குட்டி ஜிபிஎஸ் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன்.

ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, ஜிபிஎஸ்ஸை செருகி ரெண்டு நிமிஷத்துல கர்சர் தானா ஸ்கிரீன் பூரா குதிக்குது, கண்டதை கிளிக் பண்ணுது, வைரஸ்னு நினைச்சு விண்டோஸையே புதுசா போட்டேன், அப்பவும் அப்படியேதான். எடுத்துட்டா சரியாயிடுது.

இன்னொண்ணுதான் பெருசு. 1974 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இருக்குற பாயிண்ட்டுகளைப் பார்த்து எல்லைக்கோட்டை லேப்டாப்ல போட்டேன். போட்டுல இருக்குற பழைய ஜிபிஎஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டரில ஓட்டி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா கோடு ஒத்து வரல. வடக்கே மேல் முனையில ஒண்ணாத்தான் இருக்கு, நடுவுல லேப்டாப் கோடு கிழக்கே விலகிப் போகுது, தெக்க கடைசி முனையில திரும்ப ஒண்ணு சேருது. அப்பா "என் கோடுதான் சரி, இத்தனை வருஷமா இதை வச்சுத்தான் திரும்பி வர்றேன்"ங்கிறார். நான் ஒப்பந்தத்தைப் பார்த்தே போட்டேன்னு நிக்கிறேன். எங்க போட்டுல ஆறு பேர் போறோம், கோட்டைத் தாண்டினா என்ன ஆகும்னு எங்க ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதனால தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

தூத்துக்குடி_வயர்மேன்

தம்பி, நான் போட்டுகளுக்கு ஆழம் காட்டுற எக்கோ, ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் மாட்டிக் கொடுக்குற வேலைதான் பாக்குறேன். முதல் பிரச்சினை வைரஸ் இல்ல. ஜிபிஎஸ் நொடிக்கு நொடி எழுத்தா அனுப்பிக்கிட்டே இருக்கும், அதைச் செருகுறப்பவோ ஆரம்பிக்கிறப்பவோ விண்டோஸ் அந்த எழுத்தைப் பார்த்துட்டு பழைய காலத்து சீரியல் மவுஸ்னு தப்பா எடுத்துக்கும். ஜிபிஎஸ் செருகியிருக்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திற, மவுஸ் இருக்குற பகுதியில "மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்"னு ஒண்ணு இருக்கும், அதை ரைட் கிளிக் பண்ணி டிஸேபிள் கொடு. அன்இன்ஸ்டால் கொடுத்தா அடுத்த தடவை திரும்ப வந்துடும், டிஸேபிள்தான் கொடுக்கணும். கர்சர் குதிக்கிறதால கை வைக்கவே முடியலன்னா கீபோர்டுலயே போ.

சில ஜிபிஎஸ்ஸுக்கு விண்டோஸ் 10 இன்னொரு வேலையும் பண்ணும், "லொகேஷன் சென்சார்"னு டிரைவர் போட்டுடும், அப்ப ஜிபிஎஸ்ஸை அடையாளம் காட்டுற காம் போர்ட் நம்பரே வராது, ஓப்பன்சிபிஎன்ல கனெக்‌ஷன்ஸ்ல ஒண்ணும் தெரியாது. அப்படி ஆனா அப்டேட் டிரைவர் போய் லிஸ்ட்லேந்து "யுஎஸ்பி சீரியல் டிவைஸ்"ஐ கையால தேர்ந்தெடு. பாட் ரேட், அதாவது டேட்டா வர்ற வேகம், பெரும்பாலும் 9600, பழைய மாடல்னா 4800. காம் நம்பர் எந்த ஓட்டையில செருகுறோமோ அதைப் பொறுத்து மாறும், அதனால எப்பவும் ஒரே ஓட்டையில செருகு, அதுக்குப் பக்கத்துல பெயின்ட்ல ஒரு பொட்டு வச்சிடு, ராத்திரில தடவிக்கிட்டு இருக்க வேண்டாம்.

வயரிங் பண்றப்ப கவனிக்க வேண்டியது. யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல சாதாரண வயர்ல இழுக்காதே. கேபின் கூரை ஃபைபரோ மரமோன்னா ஜிபிஎஸ்ஸை உள்ளேயே மேல ஒட்டிடலாம், இரும்புன்னா வெளியதான் வைக்கணும். லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் வேண்டாம்பா, 12 வோல்ட்டை 230 ஆக்கி திரும்ப 19 ஆக்கி பாட்டரியை வீணாக்காத, டைப்-சி சார்ஜ் ஏத்துற லேப்டாப்னா 12-24 வோல்ட் கார் சார்ஜர் நல்லதா ஒண்ணு வாங்கு, தனி ஃபியூஸ் போடு. உள்ள சுத்துற ஹார்டு டிஸ்க் இருந்தா முதல்ல எஸ்எஸ்டிக்கு மாத்து, அந்த எஞ்சின் அதிர்வுக்கு ஹார்டு டிஸ்க் ஒரு சீசன் தாங்காது.

ஒண்ணு மட்டும் அப்பாவுக்கும் மத்த ஆளுகளுக்கும் கட்டாயம் சொல்லிக்கொடு. ஜிபிஎஸ் சிக்னல் போச்சுன்னா ஸ்கிரீன்ல நம்ம போட்டு மறையாது. கடைசியா இருந்த இடத்துலயே சாம்பல் கலர்ல நிக்கும். தூக்கக் கலக்கத்துல பாக்குறவன் "இன்னும் இங்கதான் இருக்கோம்"னு நினைப்பான், போட்டு ஓடிக்கிட்டே இருக்கும். ஓப்பன்சிபிஎன்கூட சேர்த்துப் போடுற வாட்ச்டாக்னு ஒரு பிளகின் இருக்கு, ஜிபிஎஸ் டேட்டா நின்னா அலாரம் அடிக்கும், அதைப் போடாம கடலுக்கு எடுத்துட்டுப் போகாத.

கோட்டைப்பட்டினம்_பையன்

அண்ணே கர்சர் சரியாயிடுச்சு!! பால்பாயின்ட்டேதான். ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன், ரொம்ப நன்றிண்ணே. மொட்டை மாடியில வச்சுப் பார்த்தேன், எங்க தெருவுலேயே கரெக்டா நிக்குது.

இப்ப கோடு. நான் போட்ட பாயிண்ட்டு அப்படியே தர்றேன், யாராவது பாருங்க:

முதல் பாயிண்ட்டு 10°05' வடக்கு, 80°03' கிழக்கு
ரெண்டாவது 9°57', 79°35'
மூணாவது 9°40'15", 79°23'00"
நாலாவது 9°22'20", 79°31'10"
அஞ்சாவது 9°13', 79°32'
ஆறாவது 9°06', 79°32'

முன்னாள்_செகண்ட்மேட்

தம்பி, மூணாவதும் நாலாவதும் பாயிண்ட்டை நீங்க எங்கேந்து எடுத்தீங்களோ அந்தக் காப்பியை இன்னொரு தடவை பாருங்க. அதுல மூணாவது பாயிண்ட்டு கிழக்குல 79°23'ன்னு இருக்காது, 79, 22, 60ன்னு இருந்திருக்கும், நாலாவது 21, 80ன்னும் 30, 70ன்னும் இருந்திருக்கும், நீங்க 60 செகண்ட் ஒரு நிமிஷம்னு கணக்குப் பண்ணி 23 ஆக்கியிருக்கீங்க, 80 செகண்டை 22 நிமிஷம் 20 செகண்ட் ஆக்கியிருக்கீங்க. சரியா?

அது செகண்ட் இல்லைங்க. நிமிஷத்தோட தசமம். மூணாவது பாயிண்ட்டு 09°40.15' வடக்கு 79°22.60' கிழக்கு, நாலாவது 09°21.80' வடக்கு 79°30.70' கிழக்கு. செகண்ட்ல எழுதுறவங்க 59க்கு மேல எழுதவே மாட்டாங்க, 60, 70, 80ன்னு வந்தாலே அது செகண்ட் இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். ஆனா 40.15 மாதிரி வர்ற இடத்துல அந்த அடையாளமும் கிடையாது, அங்கதான் அனுபவப்பட்டவங்களே ஏமாறுவாங்க.

இது சின்ன விஷயம் இல்லைங்கிறதால கணக்கையும் போட்டுக் காட்டிடுறேன். அட்சரேகையில ஒரு நிமிஷம்னா ஒரு நாட்டிக்கல் மைல், 1852 மீட்டர். மூணாவது பாயிண்ட்டு உங்க லேப்டாப்ல சுமார் 730 மீட்டர் கிழக்கே போயிடுச்சு. நாலாவது 850 மீட்டர் கிழக்கே, கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் வடக்கே. கோடு அந்த இடத்துல சாய்வா ஓடுறதால மொத்தத்துல நாலாவது பாயிண்ட்டுக்கிட்ட ஒரு கிலோமீட்டருக்கும் மேல இலங்கைப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கீங்க. கச்சத்தீவுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்குறதே ஒரு மைல் சுமார்தான். நீங்க "கோட்டுக்கு உள்ளதான் இருக்கேன்"னு நம்பிக்கிட்டு முழுசா அந்தப் பக்கம் வலை போட்டுக்கிட்டு இருப்பீங்க. ரெண்டு முனையும் ஒத்துப்போனதுக்குக் காரணமும் இதான், முதல் ரெண்டு பாயிண்ட்டுலயும் கடைசி ரெண்டுலயும் தசமமே இல்ல.

அப்பா சொன்னது சரி.

ஓப்பன்சிபிஎன்ல ஆப்ஷன்ஸ்ல டிஸ்பிளே, யூனிட்ஸ் போனா "டிகிரி, டெசிமல் மினிட்ஸ்"னு இருக்கும், அதுலயே வச்சுக்கோங்க, போட்டுல இருக்குற ஜிபிஎஸ்ஸையும் அதே முறைக்கு மாத்திடுங்க. விஎச்எஃப்ல பாயிண்ட்டு சொல்றப்பவும் "நாப்பது பாயிண்ட் ஒண்ணு அஞ்சு"ன்னே சொல்லிப் பழகுங்க. இன்காய்ஸ்லேந்து (அரசாங்கக் கடல் தகவல் மையம்) வர்ற மீன் இருக்குற இடத்து அறிவிப்பு, வாட்ஸாப்ல வர்றது, பக்கத்துப் போட்டு கொடுக்குறது, எதைப் போட்டாலும் முதல்ல இது எந்த முறையில எழுதினதுன்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க.

அடுத்தது சார்ட், அதாவது ஆழமெல்லாம் போட்ட கடல் வரைபடம். இதை நீங்க கேக்கல ஆனா சொல்லாம விட மனசு வரல. ஓப்பன்சிபிஎன் இலவசம், ஆனா அதுகூட வர்றது வெறும் கரையோட கோட்டுப்படம்தான், பின்னணிக்குன்னு போட்டது. அதுல ஆழம் கிடையாது, பார் (கடலடிப் பாறை) கிடையாது, சின்னத் தீவு, மணல் திட்டு பாதி இருக்காது. மன்னார் வளைகுடாவுல தேசியப் பூங்காவுக்குள்ள 21 தீவுன்னு சொல்றோமே, அதுல தண்ணிக்குள்ள மூழ்கிப்போனதும் உண்டு, அந்த மாதிரி இடத்தை அந்தக் கோட்டுப்படத்தை நம்பிக் கடக்க முடியாது. அமெரிக்காவுல அரசாங்கமே மின்னணு சார்ட்டை இலவசமா கொடுக்குது, அங்க உள்ளவங்க இறக்கிப் போட்டுட்டுப் போயிடுறாங்க, நீங்க படிச்சதெல்லாம் அவங்க எழுதினதா இருக்கும். நம்ம கடலுக்கு சார்ட் போடுறது டேராடூன்ல இருக்குற தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம், அது காசு கொடுத்து வாங்குறது, பூட்டுப் போட்டு வரும், அதைத் திறக்க ஓப்பன்சிபிஎன்ல தனி பிளகின் வேணும்.

பென் டிரைவ்ல உலகம் பூராவுக்கும் சார்ட்டுன்னு ஒரு பெரிய ஃபோல்டர் துறைமுகத்துக்குத் துறைமுகம் சுத்துது, உங்க கைக்கும் வரும். அது உரிமம் இல்லாத காப்பி, பல வருஷமா புதுப்பிக்காதது. புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, அந்த ஃபோல்டர்ல அது எப்படி இருக்கும்? பாலமாவது கண்ணுக்குத் தெரியும், வருஷா வருஷம் இடம் மாறுற மணல் தெரியாது. இன்னொண்ணு, பழைய அச்சு சார்ட்டை ஸ்கேன் பண்ணிப் போடுறதுன்னா அது ஜிபிஎஸ் பயன்படுத்துற டபிள்யூஜிஎஸ்84 அளவீட்டுல வரைஞ்சதான்னு ஓரத்துல இருக்குற குறிப்பைப் படிங்க. பழைய இந்திய அளவீட்டுல வரைஞ்சதுன்னா ஜிபிஎஸ் காட்டுற இடம் அதுல அப்படியே பொருந்தாது, எவ்வளவு நகர்த்தணும்னு அங்கேயே போட்டிருப்பாங்க.

தூத்தூர்_லைன்போட்டு

நாங்க ஆழ்கடல் சூரைக்குப் போற ஆளுக, நாப்பது அம்பது நாள் கடல்லயே கிடப்போம். எங்க போட்டுல லேப்டாப்ல ஓப்பன்சிபிஎன் மூணு வருஷமா ஓடுது, நான் அதை வச்சிருக்கிறதே ஏஐஎஸ்ஸுக்காகத்தான், கப்பலுங்க தங்க இடத்தை ரேடியோவுல அனுப்புறதை வாங்கிக் காட்டுறது. யுஎஸ்பில வர்ற ரிசீவர் ஒண்ணு, விஎச்எஃப் மாதிரி ஒரு ஆன்டெனா, பாட் ரேட் 38400 போடணும், அவ்வளவுதான். ராத்திரி ஆளுக தூங்குறப்ப கொழும்புக்குத் தெக்க கப்பல் ரோடு மாதிரி வரிசையா போகும், எந்தக் கப்பல் எத்தனை நிமிஷத்துல எவ்வளவு பக்கத்துல கடக்கும்னு அதுவே கணக்குப் போட்டுக் காட்டும், அலாரமும் அடிக்கும். முன்னாடியெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து பச்சையா சிவப்பான்னு யூகிச்சுக்கிட்டு இருப்போம்.

கோட்டுக்கு ஒரு யோசனை, சும்மா ரூட்டா போடாதீங்க, ஓடிரான்னு பிளகின் இருக்கு, அதுல பவுண்டரியா வரைஞ்சா மேல ஒரு அண்ணன் சொன்ன வாட்ச்டாக் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கும், நெருங்கினா அடிக்கும். லேப்டாப் ஸ்பீக்கர் சத்தம் எஞ்சின் சத்தத்துல கேக்காது, வெளி ஸ்பீக்கர் ஒண்ணு அணியத்துல (முன்பக்கத்துல) இருக்கிறவனுக்கும் கேக்குற மாதிரி மாட்டுங்க. ராத்திரிக்கு நைட் கலருக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா ஸ்கிரீனைப் பார்த்துட்டு வெளிய பார்த்தா கண்ணு ரெண்டு நிமிஷம் இருட்டிக்கும்.

நெடுந்தீவான்

வணக்கம் தம்பி, நான் அக்கரையில, இலங்கை நெடுந்தீவில இருந்து எழுதுறன். நீர் கோட்டைச் சரியாப் போட வேணும் எண்டு இவ்வளவு மினக்கெடுறதைப் பார்த்த உடனே எழுத வேணும் போல இருந்தது.

எங்கட ஆக்கள் பின்னேரம் சின்ன ஃபைபர் போட்டில, ரெண்டு பேராப் போய் வலையை விட்டிட்டு விடியும்வரைக்கும் அதிலயே காவல் இருப்பினம். பதினெட்டு அடிப் போட்டு. அதில ஏஐஎஸ்ஸும் இல்லை ஒண்டும் இல்லை, ஒரு பற்றறி லைற், வலை முடிவில ஒரு கொடி. மேல தூத்தூர்த் தம்பி சொன்ன மாதிரி ஏஐஎஸ் பூட்டினால் பெரிய கப்பல் தெரியும், ஆனா அந்த ஸ்கிரீனில ஒண்டும் இல்லாத இடம் வெறும் கடல் எண்டு தயவுசெய்து நினைச்சுப்போடாதேங்கோ. அங்கதான் நாங்கள் இருப்பம்.

போன வருசம் ஒரு இரவு, என்ர வலை பன்னிரண்டு துண்டும் போட்டது. இரவு ஒரு மணி போல எஞ்சின் சத்தம் கேட்டுது, பெரிய போட்டு, மடி வலையை இழுத்துக்கொண்டு நேர வருது. ரோச்சை அடிச்சுக் காட்டினம், கத்தினம். காணேல்லை போல. விடியப் போய்ப் பார்த்தால் நாலு துண்டு மிச்சம், மற்றது கயிறும் இல்லை. இன்னும் கடன் கட்டுறன். எங்கட நாட்டில 2017ல இருந்து இழுவை மடி சட்டப்படி தடை, நாங்களும் விட்டிட்டம். வந்தவை வேணுமெண்டு வந்தவையோ, இடம் தெரியாமல் வந்தவையோ எனக்குத் தெரியாது, அவையும் எங்கட பாசை பேசுற ஆக்கள்தான் எண்டது மட்டும் தெரியும்.

அதால கேக்கிறன், கோட்டில நிண்டு அலாரம் அடிச்சுப் பிரயோசனம் இல்லை. மடி இழுக்கிற போட்டு சத்தம் கேட்ட உடனே திரும்ப ஏலாது. வாடைக் காத்துக்கு நீரோட்டமும் சேர்ந்து தள்ளும். உங்கட பக்கம் ஒரு மைலாவது உள்ளுக்கு இன்னொரு கோட்டைப் போட்டு அதுக்கு அலாரத்தை வையும்.

முன்னாள்_செகண்ட்மேட்

நெடுந்தீவு ஐயா சொல்றதுதான் சரியான முறை. ரெண்டு கோடு போடுங்க தம்பி. உள் கோடு திரும்புறதுக்கு, வெளிக் கோடு எல்லை. மடி இழுக்குறப்ப மூணு நாட் (மணிக்கு மூணு நாட்டிக்கல் மைல்) வேகத்துல போனா ஒரு மைல் கடக்க இருபது நிமிஷம், மடியைத் தூக்கித் திருப்ப அந்த நேரம் வேணும். உள் கோட்டுக்கு அலாரம் அடிச்சா "இன்னும் ஒரு இழுப்பு"ன்னு யாரும் அதை அணைக்கக் கூடாதுன்னு போட்டுல இப்பவே பேசி வச்சுக்கோங்க.

கோட்டைப்பட்டினம்_பையன்

எல்லாருக்கும் நன்றி. காப்பியை எடுத்துப் பார்த்தேன், எனக்குக் கிடைச்சதுல நிமிஷக் குறி போட்டு அதுக்கப்புறம் ஒரு சின்னப் புள்ளி, அதுக்கப்புறம் 60ன்னு இருக்கு. பெருசு பண்ணிப் பார்த்தாத்தான் அந்தப் புள்ளி தெரியுது, அழுக்குன்னு நினைச்சுட்டேன்.

ஆறு பாயிண்ட்டையும் திரும்பப் போட்டேன், நான் ஒவ்வொண்ணா வாசிக்க வாசிக்க அப்பா பழைய ஜிபிஎஸ்ல பார்த்துச் சொன்னார், இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு. அவர்கிட்ட சொன்னேன், நீங்க சொன்னதுதான்பா சரின்னு. அவர் அதுக்கு ஒண்ணும் சொல்லல, "நாலாவது பாயிண்ட்டுக்கிட்ட எவ்வளவு வெளிய போட்டிருந்தே"ன்னு மட்டும் கேட்டார். ஒரு கிலோமீட்டருக்கு மேலன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

நெடுந்தீவு அண்ணன் எழுதினதை அவருக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். ஒரு மைல் பத்தாது ஒண்ணரை போடுன்னார். ஒண்ணரை மைல் உள்ள ரெண்டாவது கோடு போட்டாச்சு, ஓடிரால வரைஞ்சு வாட்ச்டாக்ல கொடுத்திருக்கேன், அண்ணே உங்க வலைக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, எங்க போட்டு அந்தக் கோட்டைத் தாண்டாது, அதை மட்டும் சொல்ல முடியும்.

பழைய ஜிபிஎஸ்ஸைக் கழட்டல, அது தனி ஆன்டெனா தனி பாட்டரி வயர்ல அப்படியே இருக்கட்டும்னு அப்பா சொல்லிட்டார், எனக்கும் அதான் சரின்னு படுது. சார்ட்டுக்கு முறையா வாங்க என்ன செலவாகும்னு விசாரிக்கிறேன், அதுவரைக்கும் ஆழத்துக்கு எக்கோதான், லேப்டாப் கோட்டுக்கும் பாயிண்ட்டுக்கும் மட்டும். அப்பாவோட நோட்டுல வலை கிழியுற இடம் இருபது வருஷத்துக்கு எழுதி வச்சிருக்கார், அதை ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டு இருக்கேன், இதுவரை அறுபத்திமூணு ஆச்சு, ஏத்தினதை ஜிபிஎக்ஸ் ஃபைலா எடுத்து போன்லயும் ஒரு காப்பி வச்சிருக்கேன்.

வயர்மேன் அண்ணே, ஒரே ஒரு கேள்வி, எங்க கேபின் கூரை மரம்தான், ஆனா மேல தகரம் அடிச்சிருக்கு. ஜிபிஎஸ்ஸை வெளியதானே வைக்கணும்? தண்ணி படாம எதுல மூடுறது?

தூத்துக்குடி_வயர்மேன்

வெளியதான் வைக்கணும். மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும், மூடி மேல பாக்குற மாதிரி வை, வயர் வர்ற ஓட்டை டப்பாவுக்கு அடியில இருக்கணும், ஓட்டையைச் சுத்தி சிலிக்கான் போடு. இரும்பு டப்பா வேண்டாம். வயரை கேபினுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்குற மாதிரி விடு, வயர் வழியா ஓடி வர்ற தண்ணி அங்கேயே சொட்டிடும், உள்ள வராது.